விவாகரத்துப் பத்திரம் எழுதித் தருகிறோம் என்று 45 ஆயிரத்தைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்

இன்று காலைதான் கடைசி பதில் வந்தது, "சேவை முழுமையாக வழங்கப்பட்டுவிட்டது, பணம் திருப்பித் தர இயலாது" என்று. 45 ஆயிரம்! ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் சண்டை இல்லாமல் பிரிவது என்று பேசி வைத்திருந்தோம். அப்போதுதான் இணையத்தில் ஒரு சேவை கண்ணில் பட்டது. சொத்துப் பிரிவினை, குழந்தை பராமரிப்பு, நீதிமன்ற மனு எல்லாம் ஒரே கட்டணத்தில், வக்கீலே வேண்டாமாம். பெயர் சொல்லவில்லை, இந்த மாதிரி நிறைய இருக்கின்றன.

போனில் பேசிய பெண் முதலில் பணப் பேச்சையே எடுக்கவில்லை. மகளிடம் சொல்லியாகிவிட்டதா, இரவில் யார் பக்கத்தில் தூங்குவாள், ஸ்கூலுக்கு யார் கொண்டுவிடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொந்தக்காரர்கள்கூட "வீடு யாருக்கு" என்றுதான் கேட்டார்கள், இவர் பிள்ளையைக் கேட்கிறாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவியும் தலையாட்டினாள். அன்றிரவே 45 ஆயிரத்தையும் மொத்தமாகக் கட்டினோம்.

வந்த பத்திரத்தில் எங்களுக்கு "இரு மகன்கள்". இருப்பதோ ஒரே மகள்! யாருடைய பத்திரத்திலோ பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சரி, அதைத் திருத்தலாம். வீடு மனைவிக்கு என்று எழுதியவர்கள் வீட்டுக் கடனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. நாங்கள் இருவரும் என்ன எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது; என் பெயரை எடுக்க வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவள் தன் பெயரில் புதுக் கடன் வாங்கி இதை அடைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டிருந்தால் வீடும் இல்லாமல் கடன் மட்டும் என் தலையில் நின்றிருக்கும். ஓய்வூதியச் சேமிப்பு, இன்சூரன்ஸ் நாமினி பற்றியெல்லாம் பேச்சே இல்லை.

மகளைப் பற்றி மொத்தமே ஒரு வரி: "தந்தை நியாயமான அளவில் சந்திக்கலாம்." எது நியாயமான அளவு? வாரத்தில் எந்த நாள், பள்ளி விடுமுறையில் யாரிடம், ஆஸ்பத்திரி என்றால் யார் முடிவெடுப்பது, வெளிநாடு கூட்டிப்போக மற்றவர் சம்மதம் வேண்டுமா, எதுவும் கிடையாது. அவ்வளவு அக்கறையாகக் கேட்டுக்கொண்டதெல்லாம் எங்கே போனது? அவர்களுடைய இணையதள முகப்பில் மட்டும் 1989 ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பெற்றோர் பிரிந்தாலும் இருவரோடும் தொடர்ந்து பழகுவது பிள்ளையின் உரிமை என்று!

திரும்பக் கூப்பிட்டால் அந்தப் பெண் "வேறு பிரிவுக்கு மாறிவிட்டார்". மேனேஜர் பேசுவார் என்றார்கள், பேசவில்லை. சாட்டில் ஒருவர் "உங்க வருத்தம் புரியுது சார்" என்பதையே திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், வரைவைத் திறந்து பார்த்தாலே சேவையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம், விதிமுறையில் இருக்கிறதாம். திறக்காமல் எப்படிப் பிழையைக் கண்டுபிடிப்பது? 45 ஆயிரமும் போய், இப்போது வக்கீலுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், தலை வேலை செய்யவில்லை. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். எழுதுபவர் வக்கீலா, வெறும் படிவம் நிரப்புபவரா என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் இருவரும் தனித்தனி வக்கீலிடம் காட்டுங்கள். கடன் விஷயத்தை முதலில் வங்கியில் பேசுங்கள். அப்புறம், போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். நாங்கள் பேசியதற்குப் பதிவே இல்லை என்கிறார்கள், "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள்.