3 மி.மீ. ஏசிபி ஷீட்: பெயர்ப்பலகைக்கும் ஓவியத்துக்கும் எப்படி?

கடைப் பெயர்ப்பலகை, வெட்டெழுத்து, ஓவியப் பலகை என்று எதற்கும் எங்கள் முதல் தேர்வு 3 மி.மீ. ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட். இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கால் ஆன உள்ளடுக்கு, அதுதான் கோர். 8-க்கு 4 அடி ஷீட் சுமார் 11 கிலோதான். பிளைவுட் மாதிரி மழையில் ஊதாது.

ஆனால் "3 எம்எம் குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். தகட்டின் தடிமனையும் கேளுங்கள். தட்டையாக ஒட்டும் போர்டுக்கு 0.25 மி.மீ. போதும், மடிக்கிற வேலைக்கு 0.3 வேண்டும். பின்தகடு முன்தகட்டைவிட மெலிதாக இருந்தால் வெயிலில் ஷீட் வளையும். துண்டு ஒன்றை வாங்கி, மூலையில் கத்தியால் நெம்பி, குறடால் இழுத்துப் பாருங்கள். கோர் ஒட்டிக்கொண்டு வந்தால் நல்ல சரக்கு. தகடு சுத்தமாக உரிந்து வந்தால் வேண்டாம்.

இந்த ஷீட்டின் உண்மையான அருமை மடிப்பில் இருக்கிறது. ரவுட்டர் என்ற சுழன்று வெட்டும் இயந்திரத்தில் 90 டிகிரி வி-பிட் (V வடிவ வெட்டுமுனை) மாட்டிப் பின்புறம் பள்ளம் எடுத்தால், கையாலேயே பெட்டியாக மடிக்கலாம். பிட்டின் நுனி 2 அல்லது 3 மி.மீ. தட்டையாக இருக்க வேண்டும். முன்தகட்டின்மேல் சுமார் 0.3 மி.மீ. கோரை விட்டுவைக்க வேண்டும். பிட் தகட்டைத் தொட்டுவிட்டால் மடிப்புக் கோட்டில் விரிசல் விழும். கோர் அதிகமாக நின்றால் விளிம்பு உப்பி நெளியும். ரவுட்டர் மேசையில் 0.2 மி.மீ. மேடுபள்ளம் இருந்தாலே இரண்டும் ஒரே ஷீட்டில் நடக்கும். அதனால் அடிப்பலகையை முதலில் சீவிச் சமன் செய்துவிடுங்கள். மூலைகளை மடிப்பதற்கு முன்பே வெட்டி எடுங்கள். ஒருமுறை மடித்ததைத் திரும்ப விரிக்கக் கூடாது, ஒடியும். வெட்டுவதற்கு ஒற்றைப் பல் பிட் நல்லது. மெதுவாக நகர்த்தினால் கோர் உருகி பிட்டைச் சுற்றிக்கொள்ளும். அக்ரிலிக் வெட்டும் லேசர் இதற்கு ஆகாது.

தமிழ் எழுத்தை ஊடுருவ வெட்டி, பின்னால் விளக்கு வைப்பதில் தனிச் சிக்கல் உண்டு. ண, வ, ழ போன்றவற்றில் சுழியின் உட்பகுதி தனியாகக் கழன்று விழும். சிலர் பாலம் விட்டு வெட்டுகிறார்கள். எழுத்தின் அழகு கெடும். பின்னால் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் வைத்து, விழுந்த துண்டுகளை அதன்மேல் ஒட்டுவதே சரி. வெட்டிய வரிசையிலேயே துண்டுகளுக்கு எண் போட்டுவிடுங்கள். பெட்டியின் ஆழம் எல்இடி மாட்யூல்களின் இடைவெளிக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

புகைப்படக்காரர்களுக்கு பிரஷ்டு சில்வர் (மெல்லிய கோடுகள் தெரியும் வெள்ளி நிற) ஷீட் அற்புதமானது. யூவி பிரிண்டில் (புற ஊதா ஒளியால் மையை உலர்த்தும் அச்சில்) வெள்ளை மை போடாத இடங்களில் உலோகமே ஒளிரும். முகத்துக்கு மட்டும் அடியில் வெள்ளை கொடுக்கச் சொல்லுங்கள். ஓவியர்கள் 320 உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிறகு பிரைமர் அடிக்கலாம். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பெயின்ட் செதிலாக உரியும்.

ஒரு கட்டாயம்: பாலிஎதிலீன் கோர் எரியும். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீ வெளிச்சுவர் வழியாகப் பரவியதற்கு இந்தக் கோர் கொண்ட பலகைகளே முக்கியக் காரணம். 72 பேர் இறந்தார்கள். பெயர்ப்பலகையோடு நிறுத்துங்கள். கட்டடத்தின் முகப்பையே மூடுவதானால், தீத்தடுப்புச் சான்று பெற்ற கனிமக் கோர் ஷீட்டைத்தான் வாங்க வேண்டும்.

மாட்டும்போது திருகுத் துளையை 2 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் 45 டிகிரி வித்தியாசம் வந்தால் 8 அடி ஷீட் இரண்டரை மி.மீ. நீளும், இறுக்கினால் நடுவில் உப்பும். ஷீட்டின்மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிலிமில் உள்ள அம்புக்குறிகள் எல்லா ஷீட்டிலும் ஒரே பக்கம் பார்க்கட்டும். மாறினால் மெட்டாலிக் நிறம் இரண்டு சாயலாகத் தெரியும். மாட்டி முடித்ததும் பிலிமை உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்த பசையைச் சுரண்டினால் கோட்டிங்கும் சேர்ந்து போகும்.