கொண்டை கத்தரித்த போலிஷ் கேப் வாங்காதீர்கள்

செங்குன்றம் பக்கம் வீட்டிலேயே ஃபேன்சி கோழி வளர்த்து விற்கும் ஒருவரிடம் நாலு மாத வயதுள்ள போலிஷ் கேப் இனக் கோழி ஜோடி ஒன்றை 4500 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு உடம்பு, தலையில் வெள்ளை இறகுக் கொண்டை. ஜோடி என்று கொடுத்த இரண்டுமே சேவல்.

பெட்டை என்று காட்டியதற்குக் கொண்டையைச் சுற்றிலும் கத்தரித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “கண்ணை மறைக்குதுக்கா, தீனி எடுக்கத் தெரியாம தடுமாறுது, அதான் வெட்டி விட்டேன்” என்றார். நம்பிவிட்டேன். இந்த இனத்துக்குக் கொண்டை கண்ணை மறைக்கத்தான் செய்யும், கண்ணோரம் கொஞ்சம் கத்தரித்து விடுவதும் உண்டு. ஆனால் இவர் பந்து மாதிரி வெட்டியிருந்தார். போலிஷ் பெட்டைக்குக் கொண்டை இறகின் நுனி வட்டமாக இருக்கும், மொத்தக் கொண்டையும் உருண்டையாக நிற்கும். சேவலுக்கு இறகு நீண்டு, நுனி கூராகி, கலைந்த தலைமுடி போல் விழும். அந்த நுனியை வெட்டிவிட்டால் பார்வைக்கு எது சேவல், எது பெட்டை? முதுகில் வால் பக்கம் பார்த்திருந்தால் கூரான, பளபளப்பான இறகுகள் காட்டிக் கொடுத்திருக்கும். அவர் கூடையிலிருந்து தலையை மட்டும்தான் காட்டினார். வெளியே எடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் அயனாவரத்தில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டும் மாறி மாறிக் கூவின. புதிதாக முளைத்த கொண்டை இறகுகள் ஊசி மாதிரி நீண்டிருந்தன. உடனே பிரித்து அடைத்திருக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டேன். போலிஷின் மண்டை கொண்டைக்கு அடியில் குமிழாகப் புடைத்திருக்கும், அங்கே எலும்பு முழுதாக மூடியிருக்காது. விடியற்காலைச் சண்டையில் சின்னது அங்கேதான் கொத்து வாங்கியது. கழுத்து திருகிக் கிடந்ததை ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டு அனுப்பினார்கள். என் மகள் மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தாள். மூன்றாம் நாள் இறந்துவிட்டது.

முட்டை விஷயமும் சொல்ல வேண்டும். ஜோடியோடு ஆறு முட்டை, ஒன்று 150 ரூபாய். ஓடு இளம் பழுப்பு. போலிஷ் வெள்ளை முட்டைதான் இடும். எங்கள் நாட்டுக்கோழியில் அடை வைத்தேன், 21ஆம் நாள் நாலு பொரிந்தன. போலிஷ் குஞ்சுக்குப் பொரித்த அன்றே மண்டைக் குமிழும் அதன் மேல் பஞ்சுக் கொத்தும் தெரியும். இவற்றுக்குத் தலை தட்டையாக இருந்தது. போன் செய்தால் “கிராஸ் ஆகியிருக்கும்க்கா” என்றார். போலிஷ் ரத்தம் பாதி இருந்தாலே சின்னக் கொண்டையாவது வரும். இரண்டரை மாதம் பொறுத்துப் பார்த்தேன், ஒன்றுக்கும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டபோது என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் பறவையைக் கையில் வாங்கி முதுகுப் பக்கம் பாருங்கள். கொண்டை கத்தரித்திருந்தால், என்ன காரணம் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் காட்டினான். இன்னொரு ஜோடி விற்பனைக்கு இருந்தது. அதிலும் ஒன்றுக்குக் கொண்டையை வட்டமாக வெட்டியிருக்கிறார்.