கடலோரம் தங்கும் மோட்டார் ஹோம்: ஆறு வருடப் பராமரிப்பு அனுபவம்

எங்கள் மோட்டார் ஹோமுக்கு, அதாவது படுக்கை, சமையல் மேடையோடு உள்ளேயே தங்கும்படி அமைத்த வண்டிக்கு, ஆறு வயது. வருடத்துக்கு நான்கைந்து முறையாவது கடற்கரையை ஒட்டி நிறுத்தி இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவோம். காலையில் கதவைத் திறந்ததும் அலை தெரிய வேண்டும், எங்களுக்குப் பயணம் என்றால் அதுதான். அதனால் கடலை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. திரும்பி வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் நான் செய்தது வெறும் மேல்பூச்சு வேலை. ஷாம்பூ போட்டுத் தேய்த்து வெளிப்புறத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாவது வருடம், பின்பக்க மூலையில் ஓடும் அலுமினியப் பட்டைக்கு நடுவே இருக்கும் ரப்பர் நாடா லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்திவிடலாம் என்று கை வைத்தால் உள்ளே நறநறத்தது. ஒரு சாண் நீளம் உருவிப் பார்த்தேன். வரிசையாக ஸ்க்ரூக்கள், ஒவ்வொன்றின் தலையும் செம்பழுப்பாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. சுற்றியிருந்த அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பியதும் ஒன்றின் தலை மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, பின்னால் இருந்த மரச்சட்டம் விரலால் அழுத்தினாலே குழிகிற அளவுக்கு ஊறிப்போயிருந்தது. வெளியே பெயிண்டில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து உலோகத்தை அரிக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து வண்டி மேல் அப்புகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு போகாது. அது சும்மா இருக்கிற உப்பும் இல்லை. சமையல் உப்பு கசிவதற்குக் காற்றில் 75 சதவீத ஈரப்பதமாவது வேண்டும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்து ஷெட்டில் காய்ந்த இடத்தில் நிறுத்தினாலும் அரிப்பு நிற்காததற்கு இதுதான் காரணம். இது புரிந்த பிறகு என் வழக்கமே மாறியது.

இப்போது திரும்பி வந்த அன்றைக்கே, தாமதமானால் மறுநாள், முதல் வேலை அடிப்பாகம். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளரை வண்டிக்கு அடியில் வைத்துத் திறந்துவிடுவேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, முன் அச்சிலிருந்து பின் பம்பர் வரை நனைப்பேன். அப்புறம் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு சக்கர வளைவுகள், சேசிஸ் இடுக்குகள், மடக்குப் படியின் கீல்கள். முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். அடியில் சொட்டுகிற தண்ணீரில் மணல் வருவது நிற்கும் வரை விடமாட்டேன்.

சுடுதண்ணீர் தேவையே இல்லை. 100 மில்லி தண்ணீரில் 20 டிகிரியில் 36 கிராம் உப்பு கரையும், கொதிநிலையில் 39 கிராம்தான். உப்பைக் கழுவ வேண்டியது நிறைய நல்ல தண்ணீர், வேறொன்றும் இல்லை. உப்பு நீக்கும் திரவம் என்று விற்பதை ஒரு வருடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரை நிதானமாக விட்ட இடத்துக்கும் அதைப் போட்ட இடத்துக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன்.

பிரஷர் வாஷர் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கிட்டே கொண்டுபோகாதீர்கள். சக்கர பேரிங், ஜன்னல் ரப்பர், ஸ்டிக்கர் ஓரம் எல்லாவற்றுக்குள்ளும் அது உப்புத் தண்ணீரை ஏற்றிவிடும். ஒருமுறை கேஸில் ஓடும் எங்கள் ஃபிரிட்ஜின் வெளிப்பக்கக் காற்றோட்டத் தட்டி மேல் நேராக அடித்துவிட்டேன். உள்ளே பர்னர் நனைந்து, இரண்டு நாள் ஃபிரிட்ஜ் பற்றவே இல்லை. இப்போது அந்தத் தட்டியை மூடிவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுகிறேன்.

கழுவி முடித்ததும் ஒரு சின்ன ஓட்டம் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்தால் டிஸ்க் காய்ந்துவிடும்.

கூரையில் சோலார் பேனலும் ஏசியின் அலுமினியத் தகடுகளும் மெல்லிய தண்ணீர் விட்டாலே போதும். ஜன்னல்களில்தான் கவனம் வேண்டும். பல மோட்டார் ஹோம் ஜன்னல்கள் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். காய்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். என் சமையல் மேடை ஜன்னலில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, வெயில் சாயும்போது நன்றாகத் தெரியும்.

உள்ளே முறை தலைகீழ், தண்ணீர் கடைசியில்தான். ஜன்னல் பள்ளங்களிலும் கதவுத் தண்டவாளத்திலும் முதலில் காய்ந்த பிரஷ், பிறகு வாக்குவம் கிளீனர். ஈரம் பட்டால் மணல் சேறாகி, தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் சின்னத் துளைகளை அடைத்துவிடும். மெத்தை உறை, திரைச்சீலை எல்லாம் துவைப்புக்குப் போகும். உப்பு ஏறிய துணி எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் பிசுபிசுக்கும். ஷவரில் மணல் காலைக் கழுவ நான் யாரையும் விடுவதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் மணல் படிந்தால் வால்வின் ரப்பர் தேய்ந்து ஒழுகும். வாசலில் ஒரு பேசின் தண்ணீர், அவ்வளவுதான்.

பக்கவாட்டு நிழல்துணியைக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்ட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

எண்ணெய் விஷயம். படியிலும் பூட்டிலும் கிரீஸ் தடவினால் மணல் ஒட்டி, அரைக்கும் பசை மாதிரி ஆகிவிடும். காய்ந்த நிலையில் நிற்கும் டெஃப்லான் ஸ்ப்ரேதான் அடிக்கிறேன். பேட்டரி டெர்மினல்களுக்கு வாசலின். அடிப்பாகத்துக்கு வருடம் ஒருமுறை லானோலின் (ஆட்டு ரோம மெழுகு) பூச்சு, அதுவும் உப்பை முழுக்கக் கழுவிக் காய்ந்த பிறகு. உப்பின் மேலேயே பூசினால் அதை உள்ளே வைத்து மூடியது போலாகும்.

அந்த மூலைப் பட்டையை முழுக்கக் கழற்றி, ஊறிய மரத்தை மாற்றி, பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டு ரப்பர் நாடா) வைத்துப் புது ஸ்க்ரூக்களால் இறுக்கினோம். மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு கடல் பயணத்துக்கும் பிறகு நாடாவை ஒரு சாண் உருவிப் பார்க்கிறேன். போன வாரமும் பார்த்தேன், ஸ்க்ரூத் தலைகள் சுத்தமாக இருந்தன. மடக்குப் படியின் இடது போல்ட் மட்டும் மறுபடி துரு காட்டுகிறது, அடுத்த பயணத்துக்கு முன் மாற்ற வேண்டும்.