ஏஓ3: ஃபேன்ஃபிக் எழுதுபவருக்கு எவ்வளவு உதவும்?

ஏஓ3 என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், பிறர் படைத்த கதையையும் பாத்திரங்களையும் வைத்து ரசிகர்கள் எழுதும் ஃபேன்ஃபிக் கதைகளுக்கான இணையதளம். அதில் புதுக் கதை சேர்க்கும் படிவத்தைத் திறந்தால், கதையை இடும் பெட்டி கண்ணில் படாது. அது அடியில் கிடக்கிறது. அதற்கு மேலே வயது வரம்பு, எச்சரிக்கை, ஃபேண்டம் (எந்தப் படைப்பை ஒட்டிய கதை என்பது), உறவு, பாத்திரம், டேக் (தேட உதவும் குறிச்சொல்), தலைப்பு, சுருக்கம், மொழி என்று வரிசையாகக் கேள்விகள். பலரும் கதையை முடித்த கையோடு வந்து, ரேஷன் கார்டு விண்ணப்பம் போல இதை அவசரமாக நிரப்பிவிடுகிறார்கள். எழுதும் முன்பே ஒரு தாளில் இதை நிரப்பிப் பார்க்கச் சொல்வேன். கதையின் பாதிச் சிக்கல் அங்கேயே பிடிபட்டுவிடும்.

2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த தளம். ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, தன்னார்வலர்களையும் நன்கொடையையும் நம்பி நடத்துகிறது. விளம்பரம் கிடையாது. 2019-இல் அறிபுனை, மிகுபுனைப் படைப்புகளுக்கான ஹியூகோ விருதும் கிடைத்தது. கணக்குத் தொடங்க மின்னஞ்சலைக் கொடுத்து வரிசையில் காத்திருந்து அழைப்புப் பெற வேண்டும். குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதிகாரப்பூர்வச் செயலி எதுவும் இல்லை. கைபேசியின் பிரவுசரில்தான் திறக்க வேண்டும்.

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். கல்கியின் எழுத்துகள் 1999-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன, அதனால் தயக்கம் வேண்டாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி அறுதியிட்டுச் சொல்லவே இல்லை. ஃபேன்ஃபிக் எழுதுபவருக்கு இதைவிட நல்ல இடைவெளி வாய்க்காது. வந்தியத்தேவனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிந்த மணிமேகலையின் கண்ணால், கரிகாலன் கொல்லப்பட்ட கடம்பூர் மாளிகை இரவைச் சொல்லப்போகிறீர்கள் என்று வையுங்கள்.

ஃபேண்டம் பெட்டியே முதல் கேள்வியைப் போடும்: நாவலா, 2022, 2023-இல் வந்த படங்களா? இரண்டிலிருந்தும் பிடித்ததை மட்டும் பொறுக்கினால் பத்தாவது பக்கத்தில் முட்டும். எதைக் கேனானாக, அதாவது நம் கதைக்கு மூலமாக, கொள்கிறோம் என்பதை முடிவு செய்ததும், அந்த இரவில் யார் எந்த வாசல் வழியாக வந்தார், எங்கே ஒளிந்திருந்தார், எப்போது வெளியேறினார் என்று ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். மூலத்தைக் கரைத்துக் குடித்த வாசகர்கள்தான் இங்கே வருவார்கள். ஆள் மாறி நின்றால் முதல் பின்னூட்டமே அதைப் பற்றித்தான் இருக்கும்.

அடுத்தது உறவுப் பெட்டி. இரு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல். ஆம்பர்சாண்ட் (&) போட்டால் நட்பு, குடும்பம், பகை. மணிமேகலைக்கும் வந்தியத்தேவனுக்கும் நடுவில் எந்தக் குறி வரும்? அவள் பக்கம் மட்டும் காதல் என்றால் என்ன செய்வது? இதற்குப் பதில் தெரியாமல் எழுதினால் கதை நடுவில் தடம் மாறும். ஒருவேளை உங்கள் கதையின் மையம் அவளும் நந்தினியுமாகவே இருக்கலாம். அப்படியானால் அந்த உறவை முதலில் போடுங்கள். ஒரே வரியில் தலைகாட்டும் வானதியைப் பாத்திரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வானதி கதை வேண்டி வடிகட்டித் தேடி வருபவர் ஏமாந்து போவார்.

டேக் முறைதான் தளத்தின் உண்மையான பலம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். டேக் ராங்லர் எனப்படும் தன்னார்வலர்கள் இவற்றையெல்லாம் கையாலேயே ஒரு பொது டேக்கின் கீழ் இணைக்கிறார்கள். பெயரைத் தட்டும்போது கீழே விரியும் பட்டியலில் இருப்பதையே தேர்ந்தெடுத்தால் அவர்களுக்கும் வேலை குறையும், கதையும் உடனே உரிய இடத்தில் சேரும். ஃபேண்டம், உறவு, பாத்திரம், கூடுதல் டேக் எல்லாம் சேர்த்து 75 வரை அனுமதி. சிறுகதைக்குப் பத்துப் பதினைந்தே தாராளம்.

எச்சரிக்கைப் பெட்டியில் கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் போன்றவை இருக்கின்றன. கொலையின் திருப்பத்தை முன்கூட்டியே காட்ட மனமில்லை என்றால், ‘எச்சரிக்கை இடவில்லை’ என்ற தேர்வும் உண்டு. ‘எச்சரிக்கை எதுவும் பொருந்தாது’ என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கடம்பூர்க் கொலைக்குப் பின்னதைப் போட்டால் அது விதிமீறல்.

சுருக்கத்துக்கு 1,250 எழுத்துக்குறிகள் வரை இடம். தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும். அதுவும் நல்லதுக்கே. யார், என்ன வேண்டி நிற்கிறாள், எது குறுக்கே நிற்கிறது என்பது மூன்று வாக்கியத்தில் வரவில்லை என்றால் கதை இன்னும் வேகவில்லை.

இனி குறைகள். இந்தத் தளம் எழுதுமிடமாக உதவாது. வரைவு ஏறக்குறைய ஒரு மாதம்தான் நிற்கும், பிறகு தானாக அழிந்துவிடும். கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ எழுதி, முடித்தபின் ஒட்டுங்கள். ஒட்டும்போது ரிச் டெக்ஸ்ட் பெட்டியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வடிவமைப்பு போய்விடும். தேர்ந்தெடுத்தாலும் பத்திகளுக்கு நடுவே வெற்று வரிகள் இரட்டிக்கும், சாய்வெழுத்து முடியுமிடத்தில் காற்புள்ளிக்கு முன் வேண்டாத இடைவெளி முளைக்கும். முன்னோட்டம் பார்த்துத் திருத்தாமல் வெளியிடாதீர்கள். மன ஓட்டத்தைச் சாய்வெழுத்தில் தரும் ஆங்கில ஃபேன்ஃபிக் வழக்கத்தைத் தமிழில் அறவே விட்டுவிடலாம் என்பேன். தமிழ் எழுத்து சாய்ந்தால் அழகும் கெடுகிறது, படிக்கவும் கண் வலிக்கிறது. ‘என்று எண்ணினாள்’ போதும்.

தொடராக எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அத்தியாயத்தை வரைவாகச் சேமித்துப் பல நாள் கழித்து வெளியிட்டால், வெளியீட்டுத் தேதி வரைவு தொடங்கிய நாளாகவே நின்றுவிடும். கதை பட்டியலின் மேலே ஏறாது. தேதியைக் கையால் மாற்றுங்கள். மொத்தம் எத்தனை அத்தியாயம் என்று தெரியாவிட்டால், அந்த எண்ணுக்கான இடத்தில் இருக்கும் கேள்விக்குறியை அப்படியே விடலாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வளர்ந்த நமக்கு ‘தொடரும்’ போடுவது கைவந்த கலைதான், ஆனாலும் மூன்று அத்தியாயம் கையிருப்பில் இல்லாமல் முதலாவதை வெளியிட வேண்டாம். நான்காவதை எழுதும்போதுதான் முதலாவதில் ஒரு கதவைப் பூட்டியிருக்கக் கூடாது என்று தெரியவரும்.

மொழிப் பெட்டியில் தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் தமிழில் படிப்பவர்கள் இங்கே குறைவு. உடனுக்குடன் நாலு பேர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்றால் வாட்பேடும் பிரதிலிபியும் பொருத்தம். பணம் ஈட்டும் எண்ணமிருந்தால் இங்கே வரவே வேண்டாம். நன்கொடை இணைப்பையோ யுபிஐ எண்ணையோ குறிப்பில் போடுவதும் விதிமீறல்தான். கதையை இபப் (மின்னூல் வடிவம்), பிடிஎஃப் உள்ளிட்ட ஐந்து வடிவங்களில் எவரும் இறக்கிக்கொள்ளலாம். நீங்களும் ஒரு இபப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்றாவது இந்தக் கதை நம் பெயரில் வேண்டாம் என்று தோன்றினால், அழிப்பதற்குப் பதிலாக ‘ஆர்ஃபன்’ செய்யும் வசதி இருக்கிறது. பெயர் நீங்கும், கதையும் வாசகர் எழுதிய பின்னூட்டங்களும் அப்படியே இருக்கும். அதன்பின் அந்தக் கதையைத் திருத்தவோ திரும்பக் கேட்கவோ வழியில்லை.