இன்ஜின் விளக்கை அணைத்துக் கொடுத்து 14,800 ரூபாய் வாங்கினார்கள்

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வாரம் இருமுறை காரில் போய் வருபவன் நான். ஒன்பது ஆண்டு ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. சென்ற மாதம் டேஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும், தஞ்சாவூரில் பெரிய பெயர்ப்பலகையும் ஏசி அறையும் கொண்ட ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். பழுதைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தவர் திரையை எனக்குக் காட்டவில்லை; நானும் கேட்கவில்லை. ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் பாகம்) போய்விட்டது என்று சொல்லி, 14,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, விளக்கு அணைந்திருப்பதைக் காட்டி அனுப்பினார்கள். கழற்றிய சென்சாரைக் கேட்டதற்குக் குப்பையோடு போய்விட்டது என்றார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல் காத்து நின்றபோது, ஸ்டீயரிங்கில் வைத்த விரல்கள் நடுங்கும் அளவுக்கு வண்டி உதறியது. கேட் திறந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் அதே விளக்கு விட்டுவிட்டு மின்னியது. விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப்போய் ஓரிரு நாளில் காட்டலாம். மின்னினால், ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்றும், அங்கே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அளவுமீறிச் சூடேறிப் பாழாகலாம் என்றும் பொருள். ஓரம் கட்டியிருக்க வேண்டிய நான், தஞ்சாவூர் வரை மிதித்துக்கொண்டே போனேன். அது என் தவறு. (சிவப்பில் ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.)

பட்டறையில் இம்முறை கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும், 45,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வேண்டாமென்று சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மன்னார்குடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் ஒருவர், “மிஸ்ஸிங் அடிக்குது சார்” என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டு ஸ்கேனரை மாட்டினார். திரையில் பி0303 என்ற பழுதுக் குறியீடு, அதாவது மூன்றாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களில் மூன்றாவதைக் கழற்றி முதலாவதன் இடத்திலும், முதலாவதை மூன்றாவதிலும் பொருத்திக் குறியீட்டை அழித்தார். தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தால் பி0301! காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறியிருந்தது. புதுக் காயிலுக்கும் கூலிக்குமாக 2,200 ரூபாய். கன்வெர்ட்டர் இன்றுவரை பழையதுதான்.

ஸ்கேனரில் குறியீட்டை அழித்தால், பழுது அப்படியே இருந்தாலும் விளக்கு அணைந்துவிடும். சில பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பிறகுதான் அது மீண்டும் எரியும். எனக்குக் கிடைத்த மூன்று நாள் நிம்மதி அவ்வளவுதான். ஆகவே குறியீட்டை அழிக்குமுன் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தைத் தருவதாக முன்கூட்டியே சொல்ல வைத்து, பில்லில் பாக எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

என் பில்லில் “சென்சார் வேலை” என்று மட்டுமே இருக்கிறது. பழுதுக் குறியீடும் பாக எண்ணும் கேட்டுத் தஞ்சாவூர் பட்டறைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், பதில் வராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.