பால்வாடியா, கம்பெனி காப்பகமா, கையில் பணமா?

காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கமிருந்து ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிற பெண்களுக்கு ஆறு மணி ஷிப்ட் என்றால், கம்பெனி பஸ் வரும்போது பொழுதே விடிந்திருக்காது. தூங்குகிற பிள்ளையை அந்நேரம் யாரிடம் விடுவது? பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கான அரசு உதவியை விரிவாக்குவதென்றால் இதற்குத்தான் முதலில் வழி வேண்டும்.

பணமாகக் கொடுத்துவிடலாம் என்பவர்கள் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதுபோலப் பிள்ளைக்கென்று ஒரு தொகை. மாமியார் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குச் சரி. ஆள் இல்லாத வீட்டுக்கு? ஓசூரில் தனியார் காப்பகம் கிடைக்கும், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் காசை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது?

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்து, 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிற விதிப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். பால் குடிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்லது இல்லை, ஓசூரிலேயே குடியிருந்தால் இதைத்தான் சொல்வேன். ஆனால் கைக்குழந்தையை விடிகாலையில் எழுப்பி அவ்வளவு தூரம் பஸ்ஸில் தூக்கிப்போக முடியுமா? தக்காளிக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவருக்கோ அந்தச் சட்டமே எட்டாது.

அதனால்தான் நான் பால்வாடி பக்கம் நிற்கிறேன். 1975-ல் தொடங்கிய திட்டம், ஊருக்குள்ளேயே இருக்கிறது, டீச்சரையும் ஆயாவையும் பிள்ளைக்குத் தெரியும், சோறும் முட்டையும் கிடைக்கும். நேரம்தான் குறை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த மத்திய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது, ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஆறு வயது வரை சேர்க்கலாம், மாதம் 26 நாள். ஆனால் நாளுக்கு ஏழரை மணி நேரம்தான்! ஷிப்டே எட்டு மணி நேரம், போக வர பஸ்ஸில் இருக்கிற நேரம் வேறு.

ஆகவே பெயர்ப்பலகை மாற்றுவதோடு நிற்காமல், கம்பெனி பஸ் நிற்கிற ஊர்களிலாவது விடிகாலை ஐந்துக்குத் திறந்து இரவு ஏழு வரை வைத்திருக்க வேண்டும். அதற்குப் புது ஆட்களைச் சரியான சம்பளத்தில் போட வேண்டும். எடை பார்த்து, பதிவேடு எழுதி, செல்போனிலும் ஏற்றிக்கொண்டிருக்கிற டீச்சர் தலையில் இதையும் கட்டினால், இருக்கிற பால்வாடியும் கெட்டுவிடும்.