உல்லாசக் கப்பலில் மிஸ்டரி ஷாப்பர் வேலையா? என் 2,880 வெள்ளி போய்விட்டது, உங்களுடையதும் போக வேண்டாம்

ஆத்திரம் அடங்கும் முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிப்போன பிறகு எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும். "உல்லாசக் கப்பலில் இலவசமாகப் போய் வாருங்கள், சேவையைக் கவனித்து அறிக்கை எழுதுங்கள், சம்பளமும் உண்டு" என்று விளம்பரம் செய்யும் ஓர் இணையத்தளம் என்னிடமிருந்து 2,880 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) பிடுங்கிக்கொண்டது. சிங்கப்பூரில் நம் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் அதே விளம்பரம் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தளத்தின் பெயரை இங்கே போடவில்லை. காவல்துறையிடம் கொடுத்தாயிற்று, அவர்களும் எப்படியும் பெயரை மாற்றிக்கொண்டு வருவார்கள். பெயரைவிட அவர்கள் வேலை பார்க்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மிஸ்டரி ஷாப்பர் வேலை என்பதே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களாக வேறொரு நிறுவனத்துக்காக ஓய்வு நேரத்தில் நானே செய்து வருகிறேன். சாதாரண வாடிக்கையாளர் மாதிரி கடைக்குப் போக வேண்டும். காப்பிக்கடை, கைத்தொலைபேசிக் கடை, பெட்ரோல் நிலையம், எதுவாகவும் இருக்கலாம். ஊழியர் முகம் கொடுத்துப் பேசினாரா, எவ்வளவு நேரத்தில் கவனித்தார், கழிப்பறை சுத்தமாக இருந்ததா, எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு வந்து, பெரும்பாலும் மறுநாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். செலவை நம் கையிலிருந்து போடுவோம். ரசீதைக் காட்டினால் சில வாரம் கழித்து அந்தப் பணமும் சிறு ஊதியமும் வரும். யாருக்காகப் போனோம் என்று வெளியே சொல்லக் கூடாது. கப்பல்களுக்கும் இப்படி ஆள் அனுப்புவது உண்டு. ஆனால் அது அபூர்வம். சின்னச் சின்ன வேலைகளை நெடுநாள் ஒழுங்காகச் செய்து பெயர் வாங்கியவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இந்த வழக்கமெல்லாம் என்னை ஏமாற்றியவர்களுக்கு அத்துப்படி. அதை வைத்தேதான் என்னைப் பிடித்தார்கள். வயிறு எரிவது அதனால்தான்.

விளம்பரத்துக்குப் பதில் போட்டதும் ஒரு பெண் அழைத்தார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "அக்கா, உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே, நேரா கப்பல் பட்டியல்லயே போட்டுடலாம்" என்றார். உடனே பணம் கேட்கவில்லை. கடைத்தொகுதி ஒன்றில் இருந்த பானக் கடையைப் பார்த்து வரச் சொன்னார். போனேன், அறிக்கை அனுப்பினேன், பானத்தின் விலையும் சேர்த்து 18 வெள்ளி அன்று மாலையே பேநவ் என்ற வங்கிப் பணமாற்றச் சேவை வழியாக வந்துவிட்டது. நான் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவர்கள் அன்றைக்கே கொடுத்தார்கள். அந்த 18 வெள்ளிதான் தூண்டில் புழு.

அப்புறம் பயிற்சிக் கையேடு என்று ஒன்றை அனுப்பினார்கள். நான் எத்தனையோ கையேடு பார்த்தவள், இதில் எனக்குச் சிறு சந்தேகமும் வரவில்லை. மரினா பே கப்பல் முனையத்தில் வரிசை எவ்வளவு நேரம் நகராமல் நின்றது, பாதுகாப்புப் பயிற்சிக்குப் பயணிகள் வந்தார்களா என்று ஊழியர்கள் சரிபார்த்தார்களா, கேபினைத் துப்புரவு செய்பவர் கதவைத் தட்டிவிட்டு வருகிறாரா, மதுபானத் திட்டத்தை வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார்களா என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. குறிப்பெடுக்கும்போது சாப்பாட்டு மேசையில் எழுதாமல் கேபினுக்குப் போய் எழுதுங்கள் என்றுகூடப் போட்டிருந்தார்கள். இந்த வேலை செய்தவர் யாரோ கூட இருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உறுப்பினர் கட்டணம் 180 வெள்ளி. கப்பல் பணிக்கான சான்றிதழ் 600 வெள்ளி. இரண்டு பேருக்குக் கேபின் டெபாசிட் 2,100 வெள்ளி. மொத்தம் 2,880 வெள்ளி. நான் கொஞ்சம் தயங்கியபோது அந்தப் பெண் சொன்னது இதுதான்: "அறிக்கை கொடுத்ததும் எல்லாம் திரும்பி வந்துடும் அக்கா. கைக்காசு போட்டுட்டு அப்புறம் வாங்கிக்கிறதுதானே இந்த வேலையில வழக்கம், உங்களுக்குத் தெரியாததா?"

இந்த ஒரு பேச்சைக் கவனியுங்கள். உண்மையான வேலையிலும் கைக்காசு போடுவோம், சரி. ஆனால் அந்தக் காசு கடைக்குப் போகும், உணவகத்துக்குப் போகும். வேலை கொடுப்பவர் கைக்கு ஒரு காசும் போகாது. இவர்கள் அந்த இடத்தில்தான் தங்கள் கையை நுழைத்தார்கள். பேநவ்வில் நிறுவனத்தின் பெயர் வராமல் யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க கணக்கு அதிகாரி அக்கா" என்று உடனே பதில் வந்தது.

தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பயணம் என்றதும் அவரையே கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்தேன். கப்பல் என்றால் அம்மாவுக்குப் படத்தில் பார்த்ததுதான். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய் அவருக்கு ஒரு சால்வை வாங்கினோம், கப்பல் தளத்தில் காற்று அடிக்குமே என்று. ஈசூனில் எங்கள் புளோக்கில் இருக்கும் அத்தனை பாட்டிகளிடமும் சொல்லிவிட்டார். அவர்கள் அனுப்பிய முன்பதிவுக் கடிதத்தில் அம்மாவின் பெயர், கடவுச்சீட்டு எண் எல்லாம் ஒரு எழுத்து பிசகாமல் இருந்தது. வயதானவரின் சந்தோஷத்தையும் சேர்த்து விலை பேசியிருக்கிறார்கள், பாவிகள்.

பயணத் தேதி நெருங்க நெருங்கச் சாக்குகள் ஆரம்பித்தன. கப்பலின் அட்டவணை மாறிவிட்டது என்றார்கள். நிதிப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது, 14 வேலை நாள் பொறுங்கள் என்றார்கள். பிறகு, உங்கள் சான்றிதழில் ஒரு பகுதி முடியவில்லை, இன்னும் 450 வெள்ளி கட்டினால் இந்த வாரமே முடித்துத் தருகிறோம் என்றார்கள். கட்ட மாட்டேன் என்றதும் அக்கா அக்கா என்று அழைத்த பெண் காணாமல் போனார். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதிலை ஒட்டி ஒட்டி அனுப்பினார்கள். சரி, கப்பல் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்கிறேன் என்றேன். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அவர்களைத் தொடர்பு கொண்டால் பணம் திரும்ப வராது என்று மிரட்டினார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நியாயமான விதியை எனக்கு வாய்ப்பூட்டாகப் போட்டுவிட்டார்கள்.

மிரட்டியும் நான் அழைத்தேன். கப்பல் நிறுவனத்தில் பேசியவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு முன்பதிவே இல்லை, எங்கள் எண்கள் இந்த வடிவத்தில் இருக்காது என்றார். அதை அப்படியே தளத்துக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கி, என் எண்ணையும் தடுத்துவிட்டார்கள். 2,880 வெள்ளி. என் இரண்டு பிள்ளைகளின் துணைப்பாடக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணமும் அதில் இருக்கிறது.

வங்கியை அழைத்தபோது பணம் அந்தக் கணக்கைவிட்டுப் போய்விட்டிருந்தது. காவல்துறை அதிகாரி மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்குமே, அங்கே போ என்றார் தோழி. யார்மீது போடுவது? முகவரியும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஆக்ராவின் (ACRA) பிஸ்ஃபைல் தளத்தில் தேடினேன், அப்படியொரு நிறுவனமே இல்லை.

"இலவசத்துக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். நான் இலவசம் கேட்கவில்லை ஐயா, வேலை கேட்டேன். அறிக்கை எழுதத் தெரிந்தவள், எழுதிச் சம்பாதிக்கத்தான் போனேன். திருடியவனை விட்டுவிட்டு என்னிடம் வந்து புத்தி சொல்ல வேண்டாம்.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், அதற்கு இப்போது மனம் ஒத்துழைக்கவில்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை கொடுப்பவர் உறுப்பினர், பயிற்சி, டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். பேநவ்வில் தனிநபர் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். முன்பதிவு எண்ணைக் கப்பல் நிறுவனத்திடம் நீங்களே கேளுங்கள், யார் தடுத்தாலும். சந்தேகம் என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பணம் போய்விட்டால் முதலில் வங்கி, உடனே காவல்துறை.

இன்னொன்று, அம்மாவின் கடவுச்சீட்டு நகலும் என்னுடையதும் அவர்களிடம் இருக்கின்றன. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா அடுத்த மாதம் ஊருக்குத் திரும்ப வேண்டும்.